ஃபிரான்சஸின் வாடகையை யார் கட்டுவது?

சில படங்களைப் பற்றி ஊரில் இரண்டே கருத்துதான் இருக்கும். நடுவில் நிற்க ஆள் கிடைக்காது. இருபதுகளின் கடைசிக்கு வந்துவிட்ட ஒருவர், நிலையான வேலையும் இல்லாமல் நிலையான காதலும் இல்லாமல், இன்று ஒரு நண்பர் வீட்டிலும் நாளை இன்னொருவர் வீட்டிலும் காலம் தள்ளுவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் சிறுமுதலீட்டுப் படங்கள் அந்த ரகம். ‘இது என் கதை’ என்று ஒருவர் நெகிழ்ந்துகொண்டிருப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் ‘இதில் கதை எங்கே வருகிறது?’ என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

2012-ல் நோவா பாம்பாக் இயக்கிய ‘ஃபிரான்சஸ் ஹா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிரேட்டா கெர்விக் இயக்குநருடன் சேர்ந்து எழுதி, தானே நாயகியாகவும் நடித்த படம். 86 நிமிடம், கறுப்பு வெள்ளை. புகைப்படக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் கேனன் 5டி கேமராவில் எடுத்தார்கள். 27 வயது ஃபிரான்சஸ் நியூயார்க்கில் ஒரு நடனக் குழுவில் பயிலுநர். உயிர்த்தோழி சோஃபியோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறாள். காதலன், தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். தோழியை விட்டுப் போக மனம் வராமல் மறுக்கிறாள், காதல் முறிகிறது. அந்தத் தோழியோ கொஞ்ச நாளில் வேறு நல்ல வீடு அமைந்ததென்று போய்விடுகிறாள். அதன் பிறகு படம் முழுக்க ஃபிரான்சஸ் வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள்.

அமெரிக்க விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இதைப் பாராட்டினார்கள். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஒரு சிறு கூட்டமாக, மண்டபத்துச் சுவரில் துணி கட்டிப் பார்த்தபோது கூட்டம் சரிபாதியாகப் பிளந்தது. படம் முடிந்த பிறகு நடந்த வாக்குவாதம் படத்தைவிட நீளம்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1948 ஜூன் 16-ல் இந்த வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்களுக்கு இது சுற்றிலும் தோட்டங்கள் இருந்த, இன்னும் கொஞ்சம் இருக்கிற ஊர். பால்மரம் என்கிற இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் டவுன் பக்கத்துத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இரயிலேறிக் கோலாலம்பூருக்கும், பஸ் ஏறிப் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும், ஜொகூர் வழியாகச் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். அப்படிப் போனவர்களும் போகத் தயாராக இருப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும்தான் அன்று பார்வையாளர்கள்.

கருத்து ஏன் பிளந்தது என்பதற்குச் சுலபமான பதில்கள் சில உண்டு. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. முதலாவது மொழி. இந்தப் படத்தின் நகைச்சுவை பேச்சின் வேகத்தில் இருக்கிறது. ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார். பாதி வாக்கியம் வாய்க்குள்ளேயே போய்விடும். 2002-ல் ஆண்ட்ரூ புஜால்ஸ்கி எடுத்த ‘ஃபன்னி ஹா ஹா’விலிருந்து அமெரிக்கச் சிறுபடங்களில் வளர்ந்த பாணி அது, தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்கள் முணுமுணுத்துப் பேசுவதால் அந்த வகைக்கே முணுமுணுப்புப் படங்கள் என்ற பொருளில் கேலிப்பெயர் விழுந்தது. வசன வரியைப் படித்துக்கொண்டு பார்ப்பவருக்கு அந்தத் தடுமாற்றம் எட்டாது. திருத்தமாக அச்சடித்த வரிதான் எட்டும். சிரிக்க வேண்டிய இடத்தில் மண்டபத்தில் ஆங்காங்கே நாலு பேர் மட்டும் சிரித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாவது, வகையைப் பற்றிய ஏமாற்றம். ‘காதல் நகைச்சுவை’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டால் கடைசியில் யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்ற கணக்கை மனம் தானாகவே தொடங்கிவிடுகிறது. இந்தப் படத்தில் காதல் முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வருகிற பிரிவுத் துயரம், பொறாமை, ஊடல், சமாதானம் எல்லாம் இரண்டு தோழிகளுக்கு இடையே. அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சிலர் எழுந்து தேநீர் குடிக்கப் போயிருக்க மாட்டார்கள்.

இடையே எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாக்குவாதத்தில் அது ஆயுதமாகப் பயன்பட்டது. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் சதவீதம் படத்துக்குப் போட்ட மதிப்பெண் அல்ல, பாராட்டியவர்களின் விழுக்காடு. ‘பரவாயில்லை’ என்று சொன்னவர், ‘காவியம்’ என்று சொன்னவர் இருவரும் அதில் ஒரே ஓட்டு. எல்லோரும் அறுபது மதிப்பெண் கொடுத்த சாதாரணப் படமும் நூறைத் தொடலாம். சராசரி மதிப்பெண் காட்டும் தளங்களில் வேறொரு கோளாறு: பத்துக்குப் பத்து போட்டவர் பாதி, நாலு போட்டவர் பாதி என்றால் ஏழு என்று வரும். ஏழு போட்டவர் ஒருவருமே இருக்க மாட்டார்கள். இந்த ரகப் படங்களுக்குச் சராசரியைப் பார்த்து டிக்கெட் எடுப்பதில் பொருளே இல்லை.

ஆனாலும் மொழி புரிந்தவர்கள், வகை தெரிந்தவர்கள் நடுவிலேயே பிளவு இருந்தது. ‘வெட்டியாகத் திரிபவளின் கதையை நாம் ஏன் பார்க்க வேண்டும்?’ என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதச் சாரம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதே ஆட்கள் வேலையில்லாத நாயகர்களை அரை நூற்றாண்டாகக் கைதட்டி வளர்த்தவர்கள். 1980-ல் பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ டில்லியில் வேலை தேடி அலைந்த இளைஞர்களின் பசியைக் காட்டியது. 2010-ல் ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ அதே வேலையில்லா வாழ்க்கையை முழுநீளக் கூத்தாக்கியது. 2014-ல் ‘வேலையில்லா பட்டதாரி’ என்று தலைப்பிலேயே போட்டார்கள். தமிழ்ப் பார்வையாளருக்குத் தண்டச்சோறு புதிய பாத்திரமே அல்ல.

வேறுபாடு வீட்டுக்குள் இருக்கிறது. தமிழ்ப்பட வெட்டிப்பிள்ளைக்கு ஒரு அப்பா உண்டு. காலையில் செய்தித்தாளை மடக்கிக்கொண்டே திட்டுவார். ஒரு அம்மா, அவர் திட்டி முடித்ததும் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைப்பார். ஒழுங்காகச் சம்பாதிக்கும் அண்ணனோ தம்பியோ ஒப்பிட்டுக் காட்ட இருப்பான். சோறு யார் வீட்டுச் சோறு என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் கடனை இரண்டாம் பாதியில் நாயகன் வட்டியோடு அடைப்பான் என்பதும் தெரியும். அந்த உறுதியின் பேரில்தான் நாம் நிம்மதியாகச் சிரிக்கிறோம். ஃபிரான்சஸைத் திட்ட ஆளில்லை. கிறிஸ்துமஸுக்குச் சாக்ரமெண்டோவில் இருக்கும் பெற்றோரிடம் போகிறாள். அவர்கள் அன்பாக இருக்கிறார்கள், வழியனுப்பி வைக்கிறார்கள், முடிந்தது. கெர்விக்கின் சொந்தப் பெற்றோரே அந்த வேடங்களில் நடித்திருக்கிறார்கள். ‘ஒரு வார்த்தை கேட்கவில்லையே’ என்று எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர் முணுமுணுத்தார். அவருக்குக் கோபம் மகள்மீது அல்ல, பெற்றவர்கள்மீது.

பாரிஸ் காட்சிக்கு வருகிறேன். அங்கேதான் மண்டபம் உண்மையிலேயே உடைந்தது. தபாலில் வந்த கடன் அட்டையை வைத்து ஃபிரான்சஸ் இரண்டு நாளுக்குப் பாரிஸ் போகிறாள். இரவெல்லாம் தூக்கம் வராமல் புரண்டு, பிறகு அசந்து, பிற்பகலில்தான் கண் விழிக்கிறாள். பார்க்க நினைத்த ஆளைப் பார்க்க முடியவில்லை. தனியாக நடக்கிறாள், திரும்பி வருகிறாள். செலவு மட்டும் மிச்சம். எனக்குப் படத்திலேயே மிகச் சிறந்த பகுதி அது. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதை அவ்வளவு சத்தமில்லாமல் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் அவள் கடிகாரத்தைப் பார்த்த அந்தக் கணத்தில் பின்வரிசையிலிருந்து ‘ஐயோ’ என்று ஒரு குரல் வந்தது. பால்மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வெட்டு வேலையில் முப்பது வருடம் ஓட்டிய பாட்டியின் குரல்.

அந்த ‘ஐயோ’வை விளங்கிக்கொள்ள மரத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்புதான் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் வெளியேறி அழுத்தம் குறையும், பால் வரத்தும் குறையும். அதனால்தான் இருட்டோடு எழுந்து பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்பதும், நெற்றி விளக்கோடு வெட்டுக்குப் போவதும். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் அன்றைய பாலில் குறையும், பாலில் குறைந்தால் கூலியில் குறையும். மழை பெய்தால் வெட்டே இல்லை. நாட்கூலிக் காலத்தில் வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. பகலில் கண்விழிப்பதை மனநிலையின் அடையாளமாகப் பார்க்க நகரத்துக்காரருக்கு முடியும். அந்தப் பாட்டிக்கு அது கிலோ கணக்கில் நட்டம்.

கூலியைவிடப் பெரிய சங்கதி வீடு. தோட்டத்தில் குடியிருந்த லயம் யாருக்கும் சொந்தமல்ல, நிர்வாகத்தினுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோல் எனும் ஆள் பதிவேட்டில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஓய்வு வயது நெருங்கும்போது வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் ஒரு பிள்ளை ‘எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துச் சொல்கிறேன்’ என்று உட்கார்ந்தால், மொத்தக் குடும்பமும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டிய நிலை வரும். தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பின் நிலையைப் பற்றிப் பேசியது. அந்த வீடு தொழிலாளிக்கே சொந்தமாக வேண்டும் என்ற கோரிக்கை தனியாகப் பல பத்தாண்டுகள் நடந்தது. அதற்கும் முன்பு, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார் என்றால் அதன் அடியில் இருந்ததும் இதே பயம்தான்: வேலை போனால் கூரையும் போகும்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் படத்தின் அமைப்பே வேறு மாதிரித் தெரிகிறது. ‘ஃபிரான்சஸ் ஹா’வை அத்தியாயமாகப் பிரித்திருப்பவை முகவரிகள். அவள் வீடு மாறும் ஒவ்வொரு முறையும் புதிய முகவரி திரையில் எழுத்தாக வருகிறது. ஆக இது காதல் படமோ நட்புப் படமோ, முதலில் ஒரு வாடகைப் படம். அப்படியிருந்தும் வாடகையை எப்படிச் சமாளிக்கிறாள் என்பதைப் படம் தொட்டும் தொடாமலும் போகிறது. அவளுடைய அறைத்தோழர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தான் ஏழை என்று ஃபிரான்சஸ் சொல்ல, அவர்களில் ஒருவனான பெஞ்சி, அப்படிச் சொல்வது உண்மையான ஏழைகளை அவமதிப்பது என்கிறான். படம் தன் மேல் வரப்போகும் குற்றச்சாட்டைத் தானே முந்திக்கொண்டு சொல்லும் இடம் அது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதைச் சொன்னவன் தன் வாடகையைத் தன் சம்பளத்தில் கட்டுகிறானா என்பதை எங்கள் மண்டபம் உடனே கேட்டது; படம் கேட்கவில்லை.

எனவே எதிர்த்தவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். திரையில் இல்லாத ஒரு கணக்கை அவர்கள் பார்த்தார்கள்.

இளையவர்கள் பக்கம் வேறு கணக்கு. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: பதினெட்டு முதல் இருபத்தைந்துவரையான பருவம் இளமைக்கும் முதிர்ச்சிக்கும் இடையில் தனியாக நிற்கும் ஒரு கட்டம், வேலை, காதல், கொள்கை எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் காலம். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது பொருந்தும் என்று அப்போதே மறுப்பு வந்தது. எங்கள் ஊரைப் பார்த்தால் மறுப்பும் முழுதாகப் பொருந்தவில்லை, கருத்தும் பொருந்தவில்லை. இங்கே இருபத்தைந்து வயதுக்காரர் அலைவது உண்மை. எதையும் சோதித்துப் பார்ப்பதற்காக அலையவில்லை. ஆறு மாத ஒப்பந்தம் முடிகிறது, அடுத்த ஒப்பந்தம் வரும் என்கிறார்கள், வருவதில்லை. நடுவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தது 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று சட்டம் சொல்கிறது. அதில் அறை வாடகை, மோட்டார்சைக்கிள் தவணை, 1997-ல் தொடங்கிய பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாம் கழிந்தால் மிஞ்சுவதை வைத்து எந்தக் கனவையும் சோதிக்க முடியாது.

ஆகவே அவர்களைத் தொட்டது பாரிஸ் அல்ல. நடனக் குழுவின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இந்த வருடம் உனக்கு இடமில்லை என்று ஃபிரான்சஸிடம் சொல்லும் இடம். யாரும் கடிந்து பேசவில்லை, புன்னகையோடுதான் சொல்கிறார்கள். அவளும் புன்னகையோடு கேட்டுக்கொள்கிறாள். அந்த வருமானத்தை நம்பித்தான் வாடகைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் இருந்த, மின்னணுத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் பெண் அதுவரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தக் காட்சியில் அதை மடியில் கவிழ்த்து வைத்தார். ‘இப்படித்தான் அண்ணே சொல்வார்கள். பாராட்டிவிட்டுத்தான் சொல்வார்கள்’ என்றார்.

இரு தரப்பும் ஒன்றாகச் சிரித்த காட்சி ஒன்றும் இருந்தது. வரிப்பணம் திரும்பி வந்த குஷியில் ஃபிரான்சஸ் நண்பனுக்கு விருந்து வைக்கப் போகிறாள். அவளுடைய அட்டை செல்லவில்லை. ஏடிஎம் தேடித் தெருத்தெருவாக ஓடி, விழுந்து, அடிபட்டுத் திரும்புகிறாள். நான் இன்னும் நிஜமான மனுஷியாக ஆகவில்லை என்று கூச்சத்தோடு சொல்கிறாள். கடைக்காரர் முன்னால் அட்டை செல்லாமல் நின்ற அனுபவத்துக்கு வசன வரி தேவைப்படவில்லை.

நாயகி பெண் என்பதும் பிளவுக்குள் ஒரு பிளவு. வெட்டியாகத் திரியும் ஆணுக்குத் தமிழ்ப்படம் பாட்டும் நண்பனும் கொடுக்கும். வெட்டியாகத் திரியும் பெண்ணுக்குக் கதையே கொடுத்ததில்லை, கல்யாணம் கொடுக்கும். 27 வயதுப் பெண் எங்கள் ஊரில் எந்தத் திருமண வீட்டுக்குப் போனாலும் அவளிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான், அது வேலையைப் பற்றியது அல்ல. ஃபிரான்சஸை அந்தக் கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லை என்பதையே சில பெண்கள் பெரிய சுகமாக ரசித்தார்கள். கணவன்மார் பக்கத்தில் இருந்ததால் அதை வெளியே சொல்லவில்லை. படம் முடிந்து பாத்திரம் கழுவும்போது சொன்னார்கள்.

நம்மவர் படங்களில் இந்த வெறுமையான வயதுக்கு ஏன் இடம் குறைவு என்ற கேள்வியும் எழுந்தது. மலேசியத் தமிழ்ச் சுயாதீனப் படங்களில் பெயர் பெற்ற இரண்டைச் சொல்கிறேன். தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005-ல் வந்தது. தோட்டத்துப் பெண் ஒருத்தி மேற்படிப்புக்கு ஆசைப்படும் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-ல் வந்தது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் சிறுவன் ஒருவன் தடம் மாறும் கதை. 2016-ல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியது சர்ச்சையாகி, அந்த ஏற்பாடு மாற்றப்பட்டு, சிறந்த மலேசியப் படம் என்ற விருதை ‘ஜகாட்’ பெற்றது. இரண்டையும் நான் மதிக்கிறேன். இரண்டும் ஒரு சமூகத்தின் வரலாற்றையே தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கின்றன. எப்போதோ ஒரு படம்தான் எடுக்க முடியும் என்றால், அதில் சும்மா இருக்கும் ஒருத்தியின் சில்லறைச் சங்கடங்களை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? அற்பமான கதையைச் சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

விதிவிலக்கு பக்கத்திலேயே, ஈப்போவில் இருக்கிறது. யாஸ்மின் அகமதுவின் ‘செப்பெட்’. எஸ்பிஎம் எனும் பள்ளி இறுதித் தேர்வை முடித்த மலாய்ப் பெண்ணும் திருட்டு விசிடி விற்கும் சீனப் பையனும் காதலிக்கிறார்கள். இளசுகளின் அரட்டையும் அசட்டுத்தனமும் நிறைந்த படம். ஆனால் அவளுக்கு வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை வருகிறது, அவனுக்கு வரவில்லை என்பதைப் படம் மறைப்பதில்லை; யாருக்கு யார் செலவு செய்கிறார்கள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் படத்தைச் சுற்றியும் நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அது இனத்தைப் பற்றிய சண்டை, வேலையைப் பற்றியது அல்ல.

கடைசியில் எங்கள் மண்டபத்தில் நடந்தது எதிர்பாராதது. ஃபிரான்சஸின் நடனக் குழுத் தலைவி, படத்தின் நடுவிலேயே அவளுக்கு அலுவலக வேலை ஒன்றைத் தர முன்வருகிறார். வேறு குழுவில் இடம் கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லி மறுக்கிறாள். அப்போது பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், இளையவர்கள் அவள் மானத்தைப் புரிந்துகொண்டார்கள். முடிவில் அதே மேசை வேலையை ஏற்றுக்கொள்கிறாள். ஓய்வு நேரத்தில் தானே ஒரு நடனத்தை அமைத்து மேடையேற்றுகிறாள், தனக்கென ஒரு சிறு வீட்டைப் பிடிக்கிறாள். உடனே கட்சிகள் இடம் மாறின. அதுவரை முகத்தைச் சுளித்திருந்த ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர், ‘இப்போதுதான் பிள்ளைக்குப் புத்தி வந்தது, நல்ல படம்’ என்றார். அதுவரை படத்தின் பக்கம் நின்ற தொழிற்சாலைப் பெண், ‘கடைசியில் அவளையும் பெரட்டுக்கு நிற்க வைத்துவிட்டார்கள், இதற்கா இவ்வளவு நேரம்?’ என்றார்.

என் தீர்ப்பு இருவருக்கும் பிடிக்கவில்லை. மேசை வேலையை ஏற்றதில் எனக்குக் குறை இல்லை. அந்த வேலைக்கும் அந்த வீட்டுச் சாவிக்கும் இடையில் எத்தனையோ மாதங்கள் இருந்திருக்கும். சம்பளத்தில் முன்பணம் சேர்த்த மாதங்கள், பாரிஸ் கடனை அடைத்த மாதங்கள். அவற்றைப் படம் சில நிமிடங்களில் தாண்டிப் போய்விடுகிறது. அந்த மாதங்களைக் காட்டியிருந்தால் சுங்கை சிப்புட்டில் யாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.